14-ஆம் எண் உண்டியலுக்குக் கணக்கு சொல்லுங்கள்

அறக்கட்டளையின் அறங்காவலர்கள் அனைவருக்கும்,

போன மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் மொத்தம் மூன்றே வரி. நிர்வாக வசதிக்காக, சர்க்கரை நோய்க்கான உங்கள் ‘டைப் 1 ஆராய்ச்சி நிதி’ வரும் நிதியாண்டிலிருந்து ‘விழிப்புணர்வு மற்றும் நிகழ்ச்சிகள்’ கணக்கோடு சேர்க்கப்படுகிறது என்பது முதல் வரி. இனிமேல் ஆராய்ச்சிக்கென்று தனிக் கணக்கு வெளியிடப்படாது என்பது இரண்டாவது. உண்டியல் பொறுப்பாளர்கள் வழக்கம்போல மாதக் கடைசியில் வசூலை அனுப்பிவைக்க வேண்டும் என்பது மூன்றாவது. முதல் இரண்டு வரியை எழுதும்போது எங்கள் ஞாபகம் உங்களுக்கு வரவில்லை. மூன்றாவது வரிக்கு வந்திருக்கிறது.

நான் விருதுநகரில் ஒரு கூட்டுறவு வங்கியில் 22 வருடமாகக் காசாளர். உங்கள் 14-ஆம் எண் உண்டியல் 2016 ஜூலையிலிருந்து எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, கொட்டி எண்ணுவேன். வங்கியில் எண்ணுகிற பணம் வேறு, இது வேறு. இதில் மஞ்சள் ஒட்டிய ஐந்து ரூபாய் வரும், மல்லி வாசனை அடிக்கும் இருபது ரூபாய் நோட்டு வரும். அப்புறம் பத்து ரூபாய் நாணயம், அள்ள அள்ள வரும். செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி எந்தக் கடையிலும் வாங்கமாட்டேன் என்கிறார்கள் அல்லவா, அதெல்லாம் கடைசியில் உங்கள் உண்டியலுக்குத்தான் வருகிறது. ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஊர்க்காரர்களை அசைக்க முடியாது. நான் வங்கிக்காரி என்பதால் மாற்றி அனுப்பிவிடுவேன்.

பருப்பு மில்லில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் சனிக்கிழமை கூலி வாங்கியதும் கடைக்கு வந்து பீடிக்கட்டு வாங்குவார். மீதிச் சில்லறையில் பத்து ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டுத்தான் போவார். ஒருநாள் கேட்டார்: “ஏந்தாயி, இந்தக் காசு எங்க போவுது?” நான் சொன்னேன்: “ஊசி இல்லாம பிள்ளைகளைக் காப்பாத்த முடியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க அண்ணாச்சி, அதுக்குப் போவுது.” அவர் தலையை ஆட்டிவிட்டு, “ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லு” என்றார். இது நடந்து நாலு வருடம் ஆகிவிட்டது. இன்றுவரை அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என் நீள நோட்டில் உள்ள கணக்குப்படி, 2016 ஜூலை முதல் போன மாதம் வரை இந்த ஒரு உண்டியலிலிருந்து உங்களுக்கு வந்தது 4,12,630 ரூபாய். ஒவ்வொரு மாதத்துக்கும் ரசீது இருக்கிறது. ஒவ்வொரு ரசீதிலும் ‘டைப் 1 ஆராய்ச்சி நிதிக்காக’ என்று உங்கள் அலுவலக முத்திரையே சொல்கிறது. உண்டியலின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்திலும் அதேதான். ஒரு காரியத்துக்கென்று பெயர் சொல்லி வாங்கிய பணத்தைப் போட்டவரைக் கேட்காமல் வேறு காரியத்துக்குத் திருப்புவதற்கு வங்கியில் ஒரு பெயர் உண்டு. உங்கள் மேல் உள்ள மரியாதையால் அதை இங்கே எழுதவில்லை.

இந்த உண்டியலுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2015-இல் என் மகளுக்கு 6 வயது. இரண்டு வாரமாகக் குடத்தைக் கவிழ்த்துக் குடிக்கிறாள், ராத்திரி படுக்கையை நனைக்கிறாள், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பூச்சியாக இருக்கும் என்று ஒரு கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வாந்தி. சோர்வாக இருக்கிறாளே என்று குளுக்கோஸ் பாட்டிலையே ஏற்றினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை நடுங்கும். மதுரைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சர்க்கரை 540. மூச்சில் அழுகிய பழ வாடை. பிழைத்தாள். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பே அழித்துக்கொள்கிற டைப் 1 சர்க்கரை நோய் இது, இனிப்பு சாப்பிட்டதால் வந்ததில்லை என்று டாக்டர் நாலு தடவை சொன்னார். சொந்தக்காரர்களிடம் அதை நான் நாற்பது தடவை சொல்லியிருப்பேன். “மிட்டாய் நெறையக் குடுத்தீகளோ?” என்கிற கேள்வி மட்டும் நின்றபாடில்லை.

நாளைக்கு நாலு ஊசி, பத்து வருடம். கணக்குப் போட்டால் பதினைந்தாயிரத்தை நெருங்குகிறது. விரலில் குத்துவது தனி. பொரித்த பரோட்டாவுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவள், ஒரு பரோட்டாவுக்கு எத்தனை யூனிட் இன்சுலின் போடுவது என்று தானாகவே போட்டுப் பார்த்து, இரண்டு தடவை சர்க்கரை இறங்கி விழுந்து, பிறகுதான் கண்டுபிடித்தாள். இப்போது அவளுக்கு 17. உங்கள் ஆண்டறிக்கையை என்னைவிட அவள்தான் கவனமாகப் படிக்கிறாள்.

உங்களுக்கு நான் கடன்பட்டவள் என்பதையும் மறைக்கவில்லை. முதல் வருடம் சர்க்கரை அளவு பார்க்கும் ஸ்ட்ரிப்பை இலவசமாகக் கொடுத்தது நீங்கள். ஊசி எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் போடுவது என்று பொறுமையாகச் சொல்லித்தந்த நர்ஸம்மா உங்கள் முகாமில்தான் கிடைத்தார். அந்த நன்றியில்தான் உண்டியலை எடுத்து வைத்தேன். விழிப்புணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தக் கிளினிக்குக்கு விழிப்புணர்வு இருந்திருந்தால் என் மகளுக்குக் குளுக்கோஸ் ஏறியிருக்காது. ஆனால் அதற்குப் பணம் வேண்டுமென்றால் அதற்கென்று கேளுங்கள். இன்னொரு உண்டியல் கொடுங்கள், பச்சை நிறத்தில். அதையும் நானே வைக்கிறேன்.

இனி ஆண்டறிக்கைக்கு வருகிறேன். 2017-18 அறிக்கையில் இரண்டு ஆராய்ச்சிகளின் பெயர், எந்தக் கல்லூரி, எவ்வளவு தொகை என்று அரைப்பக்கம் இருந்தது. 2020-க்குப் பிறகு பெயர்கள் போய்விட்டன, தொகை மட்டும் நின்றது. போன வருட அறிக்கையில் 36 பக்கம், அதில் 21 பக்கம் புகைப்படம்: மாரத்தான், டி-ஷர்ட், நட்சத்திர ஓட்டலில் குத்துவிளக்கு. ‘ஆராய்ச்சி’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் ஒரே ஒரு படம்தான். நீலக் கையுறை போட்ட ஒரு கை நுண்ணோக்கியைத் திருகிக்கொண்டிருக்கிறது. மூன்று வருடமாக அதே கை, அதே கையுறை. இந்த வருடம் அந்தக் கைக்கும் வேலை போய்விட்டது போலிருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். இதுவரை எத்தனை ஆராய்ச்சிக்குக் கொடுத்தீர்கள், எது முடிந்தது, எதில் என்ன தெரிந்தது? உங்களில் ஒருவர் சிரித்தபடியே பதில் சொன்னார்: “அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா. உங்களுக்குப் புரியாது. நல்ல காரியத்துக்குத்தான் போகுது, கவலைப்படாதீங்க.” பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். இந்த மடலை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

புரியாது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பொதுமக்கள் காசில் நடந்த ஆராய்ச்சியின் கதை, புரியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் கதைதான். அமெரிக்காவில் 1938 ஜனவரியில், இளம்பிள்ளை வாதத்துக்கு வழி காண ஆளுக்குப் பத்து சென்ட் அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டார்கள். அவர்கள் ஊரில் அதற்கு டைம் என்று பெயர், நம் பத்துக்காசு மாதிரி. வெள்ளை மாளிகைக்கு வந்து குவிந்த டைம்கள் 26,80,000. காசாளர் என்கிற முறையில், அதை எண்ணியவர்களை நினைத்து நான் பரிதாபப்பட்டதுண்டு. அந்தக் காசு வளர்ந்துதான் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி ஆனது. 1954-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் அந்தச் சோதனையில் பங்கெடுத்தார்கள். 1955 ஏப்ரல் 12-ஆம் தேதி முடிவை வெளியிட்டபோது, அது டாக்டர்களுக்குள் பேசிக்கொண்ட ரகசியமாக இல்லை. காசு போட்ட நாடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பத்து சென்ட் போட்டவருக்கு வைரஸ் பற்றி என்ன தெரியும்? முடிவு தெரிய வேண்டும் என்பது தெரியும், அவ்வளவுதான்.

நம் நோய்க்கே வருவோம். 1934-இல் லண்டனில் தொடங்கிய சங்கம்தான் இன்றைக்கு டயாபட்டிஸ் யுகே என்ற பெயரில் இருக்கிறது. தொடங்கிய இருவருமே சர்க்கரை நோயாளிகள்: எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், டாக்டர் ஆர்.டி.லாரன்ஸ். இப்போது அங்கே ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களை விஞ்ஞானிகள் மட்டும் படிப்பதில்லை. சர்க்கரை நோயோடு வாழ்கிற சாதாரண ஆட்கள் கொண்ட ஒரு குழுவும் படிக்கிறது, இது எங்களுக்கு முக்கியமா இல்லையா என்று சொல்கிறது. ஆராய்ச்சியின் நுணுக்கத்தை, அதே துறையில் இருந்தும் அந்தப் பணத்தோடு சம்பந்தம் இல்லாத நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. எனக்கு இரண்டாவது வேலை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். முதலாவதை நானும் என் மகளும் உங்களில் யாரைவிடவும் நன்றாகச் செய்வோம்.

தோற்றுப்போன ஆராய்ச்சியைச் சொன்னால் ஜனங்கள் காசு போடமாட்டார்கள் என்று உங்களுக்குப் பயமோ என்னவோ. அப்படி இருந்தால் இன்சுலின் வந்த கதையைத் திரும்பவும் படியுங்கள். 1922 ஜனவரி 11-ஆம் தேதி டொராண்டோவில், 14 வயதுப் பையன் லெனார்ட் தாம்ஸனுக்குப் போட்ட முதல் ஊசி சரிப்படவில்லை. மருந்தில் கசடு இருந்ததால் ஊசி போட்ட இடம் சீழ் பிடித்தது. நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவு பகலாக உட்கார்ந்து மருந்தைச் சுத்தப்படுத்தினார். 12 நாள் கழித்து, ஜனவரி 23-இல் போட்ட ஊசி வேலை செய்தது. அந்தப் பன்னிரண்டு நாளை மறைத்துவிட்டு இன்சுலின் கதையை யாரும் சொல்வதில்லை. காப்புரிமையை அந்த ஆராய்ச்சிக் குழுவினர் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன், கைதட்டியும் இருக்கிறேன்.

அந்த ஒரு டாலர் கதைக்குப் பின்பாதி ஒன்று இருக்கிறது. அதை மேடையில் யாரும் சொல்வதில்லை. டெப்லிசுமாப் என்று ஒரு மருந்து. டைப் 1 வரப்போகிறது என்று ரத்தச் சோதனையில் முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு, 14 நாள் சொட்டு சொட்டாக ஏற்றினால் நோய் வருவது சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போகிறது என்று 2019-இல் 76 பேரை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. இரண்டு வருடம்தானா என்று கேட்காதீர்கள். 6 வயதில் வந்தது 8 வயதில் வந்திருந்தால் என் வீட்டில் சுமார் மூவாயிரம் ஊசி குறைந்திருக்கும். இந்த ஆராய்ச்சிக்கு நீண்டகாலம் கைகொடுத்தவர்களில், டைப் 1 பிள்ளைகளின் பெற்றோர் 1970-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பும் ஒன்று. ஜேடிஆர்எஃப் என்று நீங்களே பல கூட்டங்களில் பெருமையாகக் குறிப்பிட்ட அமைப்புதான். நடுவில் 2010-இல் பெரிய சோதனை ஒன்று தோற்றது, பெரிய மருந்து நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் தோற்ற விவரம் மறுவருடமே மருத்துவ இதழில் அச்சானது. நம்பிக்கை வைத்தவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

விலை 1,93,900 டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல்.

நடைப்பயணம் போய், கேக் விற்று, உண்டியல் குலுக்கி அந்த ஆராய்ச்சிக்குப் பணம் சேர்த்த தாய்மார்களில் எத்தனை பேர் அந்த விலையைக் கையிலிருந்து கொடுத்திருக்க முடியும்? மருந்து செய்யப் பணம் ஆகும், நிறுவனம் லாபம் பார்க்கும், அதெல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. முதல் காசைப் போட்டவனுக்குப் பேரத்தில் ஒரு இடம் உண்டா, இல்லையா?

உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கு இந்தியாவில் உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான வைரஸ் ரகம் கிடைத்தது டெல்லி எய்ம்ஸில். கடைசிக் கட்டச் சோதனையில் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலுமாக 6,799 குழந்தைகள். அரசுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் சேர்ந்து போயிருந்தது. அதனால் ஒரு டோஸ் ஒரு டாலருக்கு மேல் போகக்கூடாது என்ற பேச்சும் கூடவே போனது. பணம் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள், நடந்தது. நீங்கள் கொடுக்கிற தொகை சின்னது என்பீர்கள். சின்னத் தொகைக்கும் ஒரு ஒப்பந்தக் காகிதம் போடுகிறீர்கள் அல்லவா? அதில் ஒரு பத்தி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

சின்னத் தொகையில் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும் என்ற கேள்விக்கும் எங்கள் வீட்டு அடுப்படியில் பதில் இருக்கிறது. ஒரு பெரிய மண்பானை, அதற்குள் ஈர மணல், மணலுக்குள் ஒரு சின்னக் கலயம், அதற்குள் இன்சுலின் பாட்டில். மேலே நனைத்த துணி. எங்களிடம் ஃபிரிட்ஜ் வந்த பிறகும் கரண்ட் போகும் சித்திரை வெயிலில் இன்றைக்கும் அதுதான் துணை. நாற்பது டிகிரி தொடுகிற ஊரில் அந்தக் கலயத்துக்குள் இன்சுலின் எத்தனை நாள் தாங்கும்? யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தகாஹலே அகதிகள் முகாமில் இதே கேள்வியைக் கேட்டன. வீட்டுக்குள் 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்குகிற வெப்பத்தில், திறந்த இன்சுலின் நாலு வாரம் வரை குளிரில் வைத்ததற்கு நிகராகத் தாங்கியது என்று 2021-இல் வெளியிட்டார்கள். பெரிய மூலக்கூறு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எது தெரிய வேண்டுமோ அதைக் கேட்டார்கள். விருதுநகர் வெயிலுக்கும், எங்கள் மண்பானைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் ஒரு மாரத்தான் குறைத்தால் போதாதா?

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் எலும்பும் தோலுமாக இருக்கிற இளவட்டங்களுக்குச் சர்க்கரை வந்தால், டைப் 1 என்று முத்திரை குத்தி இன்சுலினை ஏற்றிவிடுகிறார்கள், சிலர் சர்க்கரை இறங்கி மயங்கி விழுகிறார்கள். பிறந்ததிலிருந்து சத்துக்குறைவாக வளர்ந்தவர்களுக்கு வரும் இந்த வகை தனி என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் நியூயார்க் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2022-இல் எழுதினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ‘டைப் 5’ என்று ஏற்றுக்கொண்டது. நம் ஊர் நோயாளியைப் பார்த்து, நம் ஊர் மருத்துவமனையில் எழுந்த கேள்வி. இதை எல்லாம் நான் என் மகளின் கைபேசியில் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் அறிக்கையில் படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கடைசியாக ஒரு விஷயம், இது எனக்குச் சொந்த விஷயம். 2019-இல் உங்கள் முகாமில் என் மகள் கையில் இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள். ஆராய்ச்சிக்கு என்றார்கள். ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். என் பங்குத் தப்பு அது, படிக்காமல் போட்டேன், வங்கியில் யாரையும் அப்படிப் போட விடமாட்டேன். அவளுக்கு நரம்பு சட்டென்று கிடைக்காது, மூன்று இடத்தில் குத்தினார்கள். அழாமல் இருந்தாள், ஏனென்றால் “உன் ரத்தம் மத்தப் பிள்ளைகளுக்கு உதவும்டா” என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு வருடம் கழித்துக் கேட்டாள், “அம்மா, என் ரத்தத்துல என்ன இருந்துச்சாம்?” உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டும் பதிவுத் தபால், ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. காசு கொடுத்தவர்கள் கணக்கு கேட்பதை நீங்கள் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்கலாம். ரத்தம் கொடுத்தவள் கேட்டால்?

எங்கள் ஊர் மகமை கண்ட ஊர். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் பொதுவில் எடுத்து வைத்த பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலாவுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அரிசி போட்டவள் எழுதப் படிக்கத் தெரியாத கிழவியாக இருந்தாலும், பள்ளிக்கூடம் தெருவில் அவள் கண்முன்னே நின்றது, பேரன் ஸ்லேட்டோடு உள்ளே போனான். ஆராய்ச்சி அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற கட்டடம் இல்லை. அதனால் இரண்டு மடங்கு சொல்ல வேண்டியது உங்கள் கடமை. நீங்களோ இருந்த அரைப்பக்கத்தையும் எடுத்துவிட்டீர்கள்.

ஆகவே நான் கேட்பது இவைதான். கணக்கை இணைக்கும் முடிவை இந்த நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் எழுத்தில் ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே ஏதாவது தொகை மாறிப் போயிருந்தால் அதை ஆராய்ச்சி நிதிக்கே திருப்பி வையுங்கள்.

2016-இலிருந்து இன்றுவரை ஆராய்ச்சி நிதியிலிருந்து யாருக்கு, எவ்வளவு, என்ன கேள்விக்கு விடை தேடக் கொடுத்தீர்கள், அது முடிந்ததா, என்ன தெரிந்தது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு உண்டியலுக்கும் அனுப்புங்கள். தோற்றதைத் தோற்றது என்றே எழுதுங்கள். பாதியில் நின்றிருந்தால் ஏன் நின்றது என்று எழுதுங்கள். எதற்குமே கொடுக்கவில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள், பணம் வங்கியில் வட்டியோடு பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தாலே எனக்குப் பாதி பாரம் இறங்கும். அந்தத் தாளைக் கடைச் சுவரில் நான் ஒட்டுகிறேன். மூட்டை தூக்கும் பெரியவருக்கு வாசித்தும் காட்டுகிறேன்.

ஆராய்ச்சிப் பணத்தை முடிவு செய்யும் குழுவில் இரண்டு பெற்றோரும், டைப் 1 உள்ள இளைஞர் ஒருவரும் உட்கார வேண்டும். விண்ணப்பம் பொதுவில் கோரப்பட வேண்டும், வெளி நிபுணர்கள் படித்து மதிப்பெண் போட வேண்டும். விண்ணப்பித்தவர் உங்களில் யாருக்காவது உறவு, நட்பு, கூட்டாளி என்றால் அவர் அன்றைக்கு வெளியே எழுந்து போக வேண்டும். எங்கள் கடன் குழுவில்கூட இந்த வழக்கம் இருக்கிறது.

பொதுமக்கள் காசில் வரும் எந்தக் கண்டுபிடிப்பும் இந்த நாட்டு நோயாளிக்கு வாங்க முடிகிற விலையில் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஆராய்ச்சியாவது குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விக்காக இருக்க வேண்டும். மண்பானைக் கேள்வியை இதன்மூலம் முதல் ஆளாக நான் தாக்கல் செய்துவிட்டேன்.

2019 முகாமில் ரத்தம் கொடுத்த பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், அந்த ரத்தம் எங்கே இருக்கிறது, எதற்குப் பயன்பட்டது என்று தமிழில் கடிதம் வர வேண்டும். பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். என் மகள் தன் பெயருக்கே கடிதம் வர வேண்டும் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உண்டியலைத் திறந்து எண்ணினேன், கடைக்காரரும் பக்கத்து வீட்டு டீச்சரும் சாட்சி. 3,870 ரூபாய். அதில் பத்து ரூபாய் நாணயம் மட்டும் 113. வழக்கம்போல உங்களுக்கு அனுப்பவில்லை. கடைக்காரர் பெயரும் என் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்கில் போட்டு, அந்தச் செலான் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். அடுத்த மாத வசூலும் அங்கேதான் போகும். உங்கள் தாள் வந்து கடைச் சுவரில் ஒட்டிய மறுநாள் மொத்தத்தையும் வட்டியோடு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
14-ஆம் எண் உண்டியலின் பொறுப்பாளர்,
விருதுநகர்.